அனிசபாண்டி: கூரையில்லாத சிலேட்டுக்கல் ஆலை

வடக்கு வேல்ஸின் சிலேட்டுக் குவாரிகளைப் பார்த்துவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் லான்பெரிஸ் அருங்காட்சியகத்தைப் பற்றியே சொல்கிறார்கள். என் மனத்தில் ஆழமாகத் தங்கியதோ போர்த்மடோக் நகரத்துக்கு வடக்கே, கும் அஸ்த்ராத்லின் பள்ளத்தாக்கில் தன்னந்தனியாக நிற்கும் அனிசபாண்டி ஆலைதான். கூரை இல்லை, உயர்ந்த சுவர்களும் வரிசையாக அமைந்த வளைவுச் சன்னல்களும் மட்டுமே மிஞ்சியுள்ளன. தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் இதைப் பாழடைந்த மடாலயம் என்றே எண்ணுவார்கள்.

1850-களின் நடுவில், பள்ளத்தாக்கின் தலைப்பகுதியிலுள்ள கோர்செதாய் குவாரிக்காக இது கட்டப்பட்டது. வடிவமைத்தவர் பொறியாளர் ஜேம்ஸ் பிரன்லீஸ் என்று கருதப்படுகிறது. உள்ளே நுழைந்ததும் என் கண் நேராகச் சென்றது நடுவிலுள்ள சக்கரக் குழிக்குத்தான். 26 அடி விட்டமுள்ள நீர்ச்சக்கரம் இங்கே கட்டடத்துக்குள்ளேயே சுழன்று, கல்லறுக்கும் இயந்திரங்களை இயக்கியிருக்கிறது. குழியின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்தால், ஈரம் கசியும் சுவரில் பாசி படர்ந்திருக்கிறது; அவ்வளவு பெரிய சக்கரம் சுழலும்போது இந்தத் தளங்கள் எப்படி அதிர்ந்திருக்கும் என்ற எண்ணம் எழாமல் இருக்காது. மேட்டின் சரிவைப் பயன்படுத்திக்கொண்டு, கல் வண்டிகள் ஓடும் தண்டவாளங்களான டிராம் பாதைகள் வெவ்வேறு தளங்களுக்கு நேராக வந்து சேரும்படி அமைத்திருந்தார்கள். கனமான பலகைக் கற்களைத் தூக்கிச் சுமக்கும் வேலையை இந்த ஒரு யோசனை எவ்வளவு குறைத்திருக்கும்!

கூரை வேயும் மெல்லிய ஓடுகளை உளியால் கையாலேயே பிளந்துவிடலாம். அறுத்துச் செய்யவேண்டிய தளக்கற்கள், தொட்டிகள், பால் பண்ணைகளுக்கான பலகைகள் ஆகியவற்றுக்காகத்தான் இந்த ஆலை. ஆனால் கோர்செதாயின் பாறையில் தரமான கல் போதுமான அளவுக்குக் கிடைக்கவில்லை. 1860-இல் 2,000 டன்னைத் தாண்டிய உற்பத்தி, 1867-இல் வெறும் 25 டன்னாகச் சரிந்தது. 1871-இல் எல்லாம் முடிந்துவிட்டது. தொழிலாளர்களுக்காக எழுப்பிய ட்ரெஃபோரிஸ் குடியிருப்பும் காலியானது. முதலீட்டாளர்களின் பேராசைக்குச் சாட்சி என்று இந்தக் கட்டடத்தைச் சிலர் தள்ளிவிடுவது எனக்கு ஏற்புடையதன்று. பாறையை முன்கூட்டிச் சரியாக ஆராயாதது பணம் போட்டவர்களின் பிழையாக இருக்கலாம். அந்தப் பிழையில் கொத்தனார்களுக்குப் பங்கில்லை. அவர்கள் அடுக்கிய வளைவுகள் கூரை போன பின்னரும் மழையிலும் காற்றிலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன.

ஆலை மூடிய பிறகு ஊர் மக்கள் இதை அப்படியே விட்டுவிடவில்லை. கவிதையும் இசையும் போட்டியாக நடக்கும் ஐஸ்டெத்வோட் விழாக்களை இங்கே நடத்தியிருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூரையைப் பிரித்தெடுத்ததோடு அதுவும் நின்றது. 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த வடமேற்கு வேல்ஸ் சிலேட்டு நிலப்பரப்பில் குவாரியும் இந்த ஆலையும் இடம்பெற்றிருக்கின்றன.

செல்ல நினைப்பவர்கள் ஆலையோடு திரும்பிவிடாமல் குவாரி வரை நடந்து செல்லுங்கள். கழிவுக்கல் சரிந்து டிராம் பாதையில் விழாதபடி, பாதையின் மேல் கவிந்து நிற்குமாறு கட்டிய வளைந்த சுவர் அங்கே இன்னும் இருக்கிறது. தரை சதுப்பாக இருப்பதால் நீர் புகாத காலணி அவசியம்.