தோள் வலி என்று வந்த பெண்ணுக்கு வயிற்றில் ஸ்கேன்: மலையக ஆஸ்பத்திரிகளிலிருந்து சில அனுபவங்கள்

மலைநாட்டு விஓஜி (மகப்பேற்று, பெண்ணோயியல் நிபுணர், நுவரெலியா மாவட்டம்)

மகப்பேற்று அவசரங்களுக்கு ஸ்கேன் பழகியவர்கள், பழக்கியவர்கள் எல்லோரும் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

கொழுந்து பறிக்கிற பெண் தோள் வலி என்று ஓபிடிக்கு வந்தால் யாருக்கும் வயிறு ஞாபகத்துக்கு வராது. கூடைப் பட்டியைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறவளுக்குத் தோள் வலிக்காமல் இருக்குமா என்றுதான் தோன்றும். முகம் வெளிறியிருந்தால் 'ரத்தம் குறைவு' என்று எழுதிவிடுவோம், அதுவும் தோட்டத்தில் புதிதில்லை. ஆனால் குழாய்க் கர்ப்பம், அதாவது கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், வெடித்து, வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை உறுத்தினாலும் வலி தோள் நுனியில்தான் தெரியும். அதனால் என் பயிற்சியில் மெஷினைப் போடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவேன். பிள்ளை பெறும் வயது, வயிற்று வலியோ மயக்கமோ தோள் வலியோ எதுவானாலும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. பொசிட்டிவ் என்றால் ப்ரோப்பை, அதாவது உடம்பில் வைத்துப் பார்க்கிற ஸ்கேன் கருவியை, கையில் எடு.

எடுத்ததும் எல்லோரும் நேரே கருப்பைக்குத்தான் ஓடுவார்கள். அதையும் பார்க்க வேண்டும்தான். ஆனால் வெளிறிப்போய், நாடி வேகமாக ஓடுகிறவளுக்கு முதலில் பார்க்க வேண்டியது வலது விலாப் பக்கம்: ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் இருக்கும் மொரிசன் இடைவெளி. அங்கே ஒரு கறுப்புப் பட்டை தெரிந்து, கருப்பைக்குள் கர்ப்பத்தையும் காணவில்லை என்றால், குழாயில் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. தியேட்டருக்கும் இரத்த வங்கிக்கும் சொல்ல வேண்டும்.

பழகுபவர்கள் தடுமாறுகிற இடங்கள் எனக்கு இப்போது மனப்பாடம். ரத்தம் என்றால் கறுப்பாகத் தெரியும் என்று படித்திருப்பார்கள். உறைந்த ரத்தம் சாம்பல் நிறத்தில், பக்கத்துக் குடலோடு குடலாகக் கலந்து தெரியும். அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இன்னொன்று, கருப்பைக்குள் ஒரு பை தெரிந்தவுடன் வருகிற சந்தோஷம். குழாய்க் கர்ப்பத்திலும் கருப்பைக்குள் கொஞ்சம் நீர் தேங்கிப் பொய்ப் பை காட்டும். பைக்குள் யோக் சாக் என்கிற சின்ன வளையமோ, துடிக்கிற கருவோ தெரிந்தால்தான் கணக்கு. வயிற்றுக்கு மேலால் பார்க்கும்போது, ஐந்தரை வாரத்தில் அதைக் காணவில்லை என்று முடிவுக்கு வரவும் கூடாது. வஜைனல் ஸ்கேனில் (யோனி வழியாகப் பார்ப்பதில்) தெரிவது, மேலால் பார்த்தால் ஒரு வாரமாவது பிந்தித்தான் தெரியும்.

சரி, வயிற்றுக்குள் ரத்தம் நிற்கிற நோயாளியைப் பயிற்சி நாளில் எங்கே தேடுவது? மருத்துவ வோர்ட்டில் ஈரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தவர்களிடம் சம்மதம் கேட்டுக் கூட்டி வருவோம். நீரும் ரத்தமும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், சுற்றி நின்ற டொக்டர்மாரைப் பார்த்து, "என்ன புள்ளைங்களா, எனக்கு ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டார். சிங்களப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் வோர்ட் முழுக்கச் சிரிப்பு. அன்று பழகியவர்கள் மொரிசனை மறக்க மாட்டார்கள்.

மிஸ்ட்_எம்ஓ

மஸ்கெலியா பக்கம் பிரதேச வைத்தியசாலை ஒன்றில் டொக்டராக இருந்தேன். எங்களிடம் தியேட்டர் இல்லை, இரத்த வங்கி இல்லை. ஸ்கேன் பண்ணி என்ன ஆகப்போகிறது, எப்படியும் அனுப்பத்தானே போகிறோம் என்று ஒரு சீனியர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாறியது போன் பேச்சு. முன்பு "வயிற்று வலி, பிரஷர் குறைவு, அனுப்புகிறோம்" என்போம். அந்தப் பக்கம் "சரி, அனுப்புங்க" என்பார்கள், அவ்வளவுதான். இப்போது "கர்ப்பம் பொசிட்டிவ், கருப்பை வெறுமை, மொரிசனில் ரத்தம்" என்று சொன்னால், அங்கே விஓஜியை எழுப்பிவிடுவார்கள். ஆம்புலன்ஸ் மூடுபனியில் வளைவு வளைவாக ஊர்ந்து போய்ச் சேரும்போது தியேட்டர் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

ஒன்று மட்டும் கறாராகப் பழக்கினார்கள்: டிரைவர் வண்டியை எடுக்கும் வரைதான் ஸ்கேனுக்கு நேரம். இரண்டு கையிலும் பெரிய கெனுலா (நாளத்தில் ஏற்றும் ஊசிக் குழாய்) ஏறும்போது பக்கத்தில் நின்று பார். ஒன்றும் தெரியவில்லையா, அப்படியே அனுப்பு.

குறை ஒன்று உண்டு. நான் இருந்த இன்னோர் இடத்தில் மெஷின் அலுமாரிக்குள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு சாவி வைத்திருப்பவர் வீட்டில். எக்டோபிக் (குழாய்க் கர்ப்பம்) ஒப்பிஸ் நேரம் பார்த்தா வரும்?

தோட்டத்து மிட்வைஃப்

டொக்டர்மார் எழுதுகிற இடத்தில் நானும் எழுதலாம்தானே? எங்கள் அம்மாக்கள் பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை.

கடைசி மாதங்களில் ரத்தம் படுகிறது என்று வந்தால் உள்ளே விரல் விட்டுப் பார்க்காதே, முதலில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் பார் என்று பயிற்சியில் சொன்னார்கள். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக்கொண்டிருந்தால் விரல் பட்டதும் ரத்தம் கொட்டும். நல்ல பாடம். ஆனால் அதே நாள் ஒரு இளம் டொக்டர், ஸ்கேனில் நஞ்சு மேலேதான் இருக்கிறது, பின்னால் ரத்தக் கட்டியும் இல்லை என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் வயிறோ பலகை மாதிரி இறுகிப் போயிருந்தது, கை வைக்க விடவில்லை. பயிற்சிக்கு வந்த மேடம் ப்ரோப்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அந்த டொக்டரின் கையைப் பிடித்து அம்மாவின் வயிற்றில் வைத்தார். நஞ்சு கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்திருந்தால் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஸ்கேனில் தெரியாதாம். அந்த அம்மாவைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்துக்கொண்டே சொன்னார். மல்லாந்தே கிடந்தால் கருப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தித் தலை சுற்ற வைக்கும்.

அப்புறம், வஜைனல் ஸ்கேன் பண்ணும்போது திரையை இழுத்து மூடுங்கள். என்ன செய்யப் போகிறோம் என்று தமிழில் ஒருவர் சொல்லட்டும். சொல்லாமல் ப்ரோப்பைக் காட்டினால், அடுத்த முறை வலி வந்தாலும் லயத்திலேயே படுத்துக்கிடப்பாள்.

மலைநாட்டு விஓஜி

மிட்வைஃப் அக்கா, நீங்கள் எழுதாமல் யார் எழுதுவது?

கருமுட்டைப் பை (சூலகம்) முறுக்கியதைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ரத்த ஓட்டத்தைக் காட்டுகிற டொப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிந்தால் முறுக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், முறுக்கினாலும் ஓட்டம் தெரியலாம். திடீரென்று ஒரு பக்கம் வலி, வாந்தி, வீங்கிய சூலகம் என்றால் அறுவை செய்து பார்ப்பதுதான் வழி.

ஆரம்பக் கர்ப்பத்தில் கருவின் இதயத் துடிப்பை எண்ண டொப்ளரைப் போடாதீர்கள், அசைவைக் கோடாக வரைகிற எம்-மோட் போதும். படங்களைக் குழுவில் அனுப்புகிறவர்கள் மூலையில் இருக்கிற பெயரையும் கிளினிக் நம்பரையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள். போன வாரம் வந்த இரண்டை அதனால்தான் நீக்கினேன்.