பலதுறைக் குழுவா, உம்மைக் குழுவா?

மட்டக்களப்பு நகரிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை மருத்துவ மாணவருக்கும் தாதிய மாணவருக்கும் சேர்த்து ஒரு வகுப்பு. கைந்நூல் நாளை அச்சுக்குப் போக வேண்டும். பாரிசவாத (பக்கவாத) நோயாளி ஒருவரை மருத்துவர், தாதி, இயன்மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர், மருந்தாளர் எல்லாரும் கலந்துபேசிப் பராமரிப்பதுதான் விஷயம். 'பலதுறைக் குழு' என்று போட்டேன். ஆனால் அவரவர் தனித்தனியே வந்து பெட்ஹெட் டிக்கெட்டில் (கட்டிலருகே இருக்கும் நோயாளியின் குறிப்பேட்டில்) எழுதிவிட்டுப் போவதும் பலதுறைதானே? பல தொழிலினர் சேர்ந்து கற்பதற்கு (interprofessional education) உலக சுகாதார நிறுவனம் 2010 இல் தந்த விளக்கத்தில் ஒருவரைப் பற்றி, ஒருவரிடமிருந்து, ஒருவரோடு கற்பது என மூன்றும் உண்டு. தலைப்பில் அந்த 'interprofessional' என்பதற்கு 'இடைத்தொழில்' சரிவருமா?

கல்முனையிலிருந்து:
இடைத்தொழில் என்றால் தரகு வேலை என்பார்கள். 'கூட்டுப் பராமரிப்பு' போடுங்கள். நோயாளியின் உம்மாவுக்கும் விளங்கும்.

காரைதீவிலிருந்து:
'ஒருவரோடு' என்ற இடத்தில்தான் சிக்கல். 'ஒருவினை ஒடுச்சொல் உயர்பின் வழித்தே' என்கிறது தொல்காப்பியம். அரசனொடு இளையர் வந்தார் என்போம். 'ஒடு', அதாவது நம் 'ஓடு', உயர்ந்தவர் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். 'மருத்துவரோடு தாதி' என்று எழுதியதுமே யார் பெரியவர் என்பது முடிந்துபோகிறது. 'மருத்துவரும் தாதியும்' என்றால் எண்ணும்மை, அதாவது வரிசையாக எண்ணும் 'உம்', ஏற்றத்தாழ்வில்லை. ஆகவே 'உம்மைக் குழு'. குறள் 950 நோயுற்றவனையே முதலில் எண்ணுகிறது, அவரையும் சேருங்கள். அதில் 'உழைச்செல்வான்' (நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்ப்பவன்) இருக்க, 'தாதி' என்ற வடசொல் எதற்கு? 'உழையர்' போதும். 1936 இல் சென்னையில் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து இதையாவது கேட்கலாமே!

கல்முனையிலிருந்து:
'உம்மைக் குழு பார்க்க வருகிறது' என்றால் நோயாளி 'என்னையா?' என்று கேட்பார். உழை என்றால் மானும்தான் ஐயா. அடிகளை இதற்குள் இழுக்க வேண்டாம்.

அக்கரைப்பற்றிலிருந்து:
நான் தாதிய உத்தியோகத்தர். விடுதியில் நாங்கள் 'டீம்' என்றுதான் சொல்வோம். விழுங்கும் திறனைப் பார்க்கும்வரை வாயால் ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று ஒருமுறை டிக்கெட்டில் எழுதியிருந்தது. சாப்பாடு கொண்டுவந்த சிற்றூழியருக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர் கஞ்சி பருக்கினார், புரையேறிவிட்டது. மறுகா ஏச்சு முழுக்க அவருக்குத்தான். நீங்கள் தேடும் சொல்லில் அவர் இருக்கிறாரா? 'தொழில்', 'துறை' என்று போட்டால் அவர் வெளியேதான் நிற்பார்.

மட்டக்களப்பு நகரிலிருந்து:
சரி, நேரமாகிவிட்டது. 'தொழில்', 'துறை' இரண்டும் அதில் இல்லாததால் 'கூட்டுப் பராமரிப்பு' என்றே தலைப்புப் போடுகிறேன். சிற்றூழியரையும் படத்தில் சேர்த்துவிட்டேன்.

காரைதீவிலிருந்து:
எனக்குச் சம்மதமில்லை, ஆனாலும் அச்சிடுங்கள். இரண்டாம் பக்கத்தில் 'மருத்துவரோடு தாதியர்' என்று இருக்கிறது. அதையாவது திருத்துங்கள்.