ஹிட்ச்ஹைக்கருக்கு ‘உடன்வரவு’ என்னும் சொல்

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மும்பை செம்பூரில் உள்ள எங்கள் வீட்டு உப்புநீர் மீன்தொட்டியில், சென்ற மாதம் ஓரிரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது, சட்டைப் பொத்தானைவிடச் சிறிய, சாம்பல் பூத்த வெண்ணிற நட்சத்திர மீன்கள் பதினொன்றைக் கண்ணாடியில் எண்ணினேன். அவற்றை நான் வாங்கவில்லை. வேறோர் ஆர்வலரின் தொட்டியிலிருந்து கிடைத்த லைவ் ராக் என்னும், உயிரிகள் குடியேறிய கடற்பாறைத் துண்டின் பொந்துகளில் ஒளிந்து வந்தவை அவை. வளர்ப்போர் இவற்றை அஸ்டெரினா என்பார்கள். இப்படி அழையாமல் வந்து சேரும் நத்தை, புழு, நண்டு அனைத்தையும் ஹிட்ச்ஹைக்கர் என்பார்கள். அஸ்டெரினா பேரினப் பெயர் என்பதால் அப்படியே இருக்கட்டும். ஹிட்ச்ஹைக்கருக்குத்தான் தமிழில் சொல் வேண்டும்.

‘ஒட்டுண்ணி’ என்று முன்மொழிந்த ஐயாவுக்கு என் மறுப்பைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். ஒட்டுண்ணி என்பது ஓர் உயிர் பிழைக்கும் முறையைச் சொல்வது. நமக்கு வேண்டியதோ அது வந்து சேர்ந்த வழியைச் சொல்லும் சொல். கண்ணாடியின் இப்புறமிருந்து உருப்பெருக்கியால் பார்த்தால், அஸ்டெரினா தன் குழாய்க் கால்களால் ஊர்ந்துவந்து ஓரிடத்தில் நின்று, இரைப்பையையே வாய்வழியே வெளியே தள்ளிப் பாசிப் படலத்தின் மீது பரப்பிச் செரிப்பது தெரிகிறது. கைகளும் ஒரே அளவில் இல்லை: மூன்று நீண்டும் மூன்று இப்போதுதான் முளைவிட்டும் இருப்பது, அது உடல் இரண்டாகப் பிளந்து பெருகியதற்கு அடையாளம். சில வகைகள் சோவாந்திடுகள் என்னும் பவள உறவினங்களையும் சுண்ணப் பாசியையும் தின்பதாக வளர்ப்போர் ஐயுறுகிறார்கள். ஆயினும் பெரும்பாலானவை பாசி மேய்பவை. வந்த வழி ஒன்றே என்பதற்காக எல்லாவற்றையும் ஒட்டுண்ணி என்பது உயிரியலுக்கே முரண்.

‘வந்தேறி’ வேண்டவே வேண்டாம். தலைமுறைகளாக மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் தமிழரின் காதில் அச்சொல் எப்படி விழும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கலைச்சொல்லில் வசை கலக்கக் கூடாது.

எனக்கு முதலில் பிடித்தது ‘தொற்றுவரவு’. லோக்கல் ரயிலின் வாசலில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களை நாள்தோறும் பார்ப்பதால் அச்சொல் தானாகவே நாவில் வந்தது. மரத்தைப் பற்றி வளர்ந்தும் அதனிடம் உணவு பெறாத செடியைத் தொற்றுத்தாவரம் என்று பாடநூல்கள் வழங்குவதும் துணைநின்றது. ஆனால் மீன் வளர்ப்பில் ‘புது மீனோடு தொற்று வந்துவிட்டது’ என்றால் நோய் வந்துவிட்டது என்றே பொருள். இதே துறையில், இதே வாக்கிய அமைப்பில் குழப்பம் நேருமென்பதால் அதை மனமில்லாமலே கைவிட்டேன்.

ஆகவே ‘உடன்வரவு’ என்பதை முன்வைக்கிறேன். ‘உடன்’ என்றதுமே முதன்மையான வேறொன்று இருப்பது விளங்கிவிடுகிறது: பாறை வந்தது, அதன் உடன் இது வந்தது. நன்மை தீமை எதையும் அச்சொல் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை. வருகையைக் குறிக்கும் சொல் வந்த உயிரைக் குறிக்குமா என்று ஓர் அம்மையார் கேட்டிருந்தார். துணிக்கடைகளில் ‘புதுவரவு’ என்பது வந்த சேலையைத்தானே குறிக்கிறது? ஆதலால் ‘உடன்வரவி’ என்று விகுதி சேர்த்துச் சொல்லை வருத்த வேண்டியதில்லை.

தொட்டிக்கு வெளியிலும் இச்சொல் பயன்படும். அட்லாண்டிக்கின் வெப்பக் கடலோரத்தைச் சேர்ந்த ஒரு சிறு மட்டி இனம் கப்பல்கள் வழியாக வந்து மும்பைத் துறைமுகத்தில் நிலைகொண்டிருக்கிறது. அதையும் உடன்வரவு எனலாம். அது பெருகிக் கேடு விளைவிப்பதைச் சொல்ல ‘ஆக்கிரமிப்பு இனம்’ என்ற சொல் தனியே இருக்கிறது. வந்த விதத்துக்கு ஒரு சொல், வந்தபின் நடப்பதற்கு வேறொரு சொல் என்னும் இந்தப் பிரிவு என் தொட்டிக்கும் தேவை: பாசி மேயும் அஸ்டெரினாவை விட்டுவைக்கலாம், பவளங்களைக் கொட்டும் அய்ப்டேசியா என்னும் கடற்சாமந்தியை உடனே நீக்க வேண்டும். இரண்டும் உடன்வரவுகளே.

பெயரடையாக வரும்போது ‘உடன்வரவுப் புழு’ என வல்லினம் மிகுமாறு எழுதியிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருப்பவர்கள், கலைச்சொல் தொகுப்பில் சேர்க்கும் முன் தெரிவிக்க வேண்டுகிறேன்.