கோப்புப் பெயரின் வால்: நீட்சியா, வகைக்குறியா, பின்னொட்டா?

வணக்கம்,

உரைத்தொகுப்பி ஒன்றைத் தமிழாக்கும்போது, கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின்னால் வரும் ஜேபிஜி, டிஎக்ஸ்டி மாதிரியான வாலை (எக்ஸ்டென்ஷன்) என்னவென்று சொல்வது என்பதுதான் பேச்சு. வகைக்குறி, நீட்சி, விரிவு, விகுதி, பின்னொட்டு எல்லாம் அடிபடுகின்றன. ஒருவர் எழுதியது இது:

> எக்ஸ்டென்ஷனுக்கு 'வகைக்குறி' என்று வைத்தால் பார்த்தவுடனே புரியும்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். ஒரு படத்தின் பெயரில் கடைசியில் இருக்கும் ஜேபிஜியை அழித்துவிட்டு டிஎக்ஸ்டி என்று போட்டுப் பாருங்கள், உள்ளே ஒரு பைட்டுகூட மாறாது; விண்டோஸ்தான் பெயரை நம்பி ஏமாந்து அதை உரைக்கோப்பாகத் திறக்கப் பார்க்கும். லினக்ஸில் 'ஃபைல்' கட்டளை பெரும்பாலும் உள்ளே இருக்கும் முதல் சில பைட்டுகளைப் பார்த்தே இது பிஎன்ஜி, இது பிடிஎஃப் என்று சொல்லிவிடுகிறது, பெயரை நம்புவதில்லை. வகை பெயரில்தான் இருக்கிறது என்ற நினைப்பை நாமே ஒரு சொல்லாக்கி ஏன் உறுதிப்படுத்த வேண்டும்?

'நீட்சி' வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. உலாவியில் சேர்க்கும் துணைநிரலுக்கே அது புழங்குகிறது. 'விரிவு' என்பது அண்ணா நகர் மேற்கு எக்ஸ்டென்ஷனுக்குப் பொருந்தும், அங்கே ஊர் உண்மையிலேயே விரிந்தது. ரிச்சி தெருவில் போய் எக்ஸ்டென்ஷன் என்று கேட்டால் ஒயர் பாக்ஸைத்தான் எடுத்துத் தருவார்கள், அதை விடுங்கள்.

'விகுதி' எனக்கும் பிடித்திருந்தது, பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணம் நினைவுக்கு வந்துவிட்டது. ஆனால் 'வந்தான்' என்பதில் விகுதியை எடுத்துவிட்டால் சொல்லே நிற்காது. நிரலாளர்கள் எழுதும் மேக்ஃபைல், டாக்கர்ஃபைல், கணினியிலேயே இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு எல்லாம் வால் இல்லாமலே முழுப்பெயர்கள், ஒட்டினால்தான் கெடும்.

அதனால் என் ஓட்டு 'பின்னொட்டு'க்கு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் பெயருக்கு 8 எழுத்து, வாலுக்கு 3 எழுத்து என்று வட்டில் தனித்தனி இடமே இருந்தது, நடுவிலுள்ள புள்ளியைச் சேமிப்பதுகூட இல்லை, திரையில் காட்டும்போது போட்டுக்கொள்வதுதான். அப்போது விவாதம் வந்திருந்தால் வேறு சொல் கேட்டிருப்பேன். விண்டோஸ் 95இல் நீண்ட பெயர்கள் வந்த பிறகு புள்ளியும் பெயருக்குள்ளேயே போய்விட்டது, லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸில் என்றைக்குமே அப்படித்தான். இன்றைக்கு அது பெயரின் பின்னால் ஒட்டியிருக்கும் சில எழுத்துகள், அவ்வளவே.

சரி, இந்தப் பேச்சு கிளம்பிய இடம் உரைத்தொகுப்பியின் சேமிப்புப் பெட்டி. வேளச்சேரியில் நான் எடுக்கும் சனிக்கிழமை வகுப்பில் திரும்பத் திரும்ப நடப்பது இது: பையன் நோட்பேடில் மேக்ஃபைல் எழுதுகிறான், பெயர் சரியாகக் கொடுக்கிறான், சேமிக்கிறான். நோட்பேட் சத்தமில்லாமல் டாட் டிஎக்ஸ்டியை ஒட்டிவிடுகிறது. அப்புறம் எக்ஸ்ப்ளோரர் தனக்குத் தெரிந்த பின்னொட்டுகளை மறைத்துக் காட்டுவதால் பார்வைக்கு 'மேக்ஃபைல்' என்றே தெரிகிறது, ஆனால் அந்தக் கோப்பைத் தேடிப் படிக்கும் மேக் கட்டளையோ கோப்பே இல்லை என்கிறது. "சார், இதோ இருக்கே!" என்று திரையைத் தொட்டுக் காட்டுகிறான், அவனைக் குறை சொல்லவும் முடியாது. வகைப் பட்டியலில் 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும். இரண்டுமே யாராவது சொல்லித்தந்தால் ஒழியத் தெரியாது.

அதனால் வால் ஒட்டாமல் சேமிக்கும் பொத்தானுக்கு மொழிபெயர்ப்பில் 'பின்னொட்டின்றிச் சேமி' என்று போடுவதைவிட 'கொடுத்த பெயரிலேயே சேமி' என்று போடலாம் என்று தோன்றுகிறது. பயனர் கேட்பதும் அதைத்தானே, என் பெயரில் கை வைக்காதே என்கிறார். பின்னொட்டு என்ற சொல் அமைப்புகள் பக்கத்துக்கும் உதவிக் குறிப்புக்கும் இருக்கட்டும், பொத்தானில் வேண்டாம்.

ஒன்று மட்டும் பாக்கி. டாட் எச்டிஅக்சஸ், டாட் கிட்இக்னோர் மாதிரி அமைப்புக் கோப்புகளின் புள்ளியில் தொடங்கும் பெயர்களைப் பின்னொட்டு இல்லாதவை என்பதா, பின்னொட்டு மட்டுமே உள்ளவை என்பதா? யுனிக்ஸ்காரர்கள் முதல் கட்சி, புள்ளிக்குப் பின்னால் எது வந்தாலும் வால் என்று எடுத்துக்கொள்ளும் சில நிரல்கள் இரண்டாம் கட்சி. 'புள்ளிக்கோப்பு' என்று தனிப்பெயர் வைத்துவிடலாமா? நிரல் எழுதுகிறவர்கள் சொல்லுங்கள்.