83 வயதில் பாக்ஹவுஸ் வாசித்த பிராம்ஸ்: கேட்டவர்களின் அனுபவங்கள்

வணக்கம். ஜெர்மானியப் பியானோ கலைஞர் வில்ஹெல்ம் பாக்ஹவுஸ், கார்ல் போம் நடத்திய வியன்னா ஃபில்ஹார்மோனிக் குழுவுடன் 1967 ஏப்ரலில் பதிவுசெய்த இசையமைப்பாளர் பிராம்ஸின் இரண்டாம் பியானோ கான்செர்டோவை (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) நீங்கள் முதன்முதலாகக் கேட்ட அனுபவத்தை எழுத வேண்டுகிறேன். என்னுடையதிலிருந்து தொடங்குகிறேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுத்து வருகிறேன். மாணவியாக இருந்தபோதே இந்தக் கான்செர்டோவின் நொட்டேஷன் புத்தகத்தை வாங்கி, இரண்டாம் பகுதியின் தொடக்கத்தை மாதக்கணக்கில் முயன்றும் கைக்கு வரவில்லை. முப்பது வயதுக்குள் வராதது பிறகு வராது என்று எனக்குச் சொல்லப்பட்டது, நானும் நம்பினேன். ஆகவே, 1884 மார்ச் 26 அன்று லைப்சிகில் பிறந்த ஒருவர் 1967இல் இதை வாசித்திருக்கிறார் என்று இசைத்தட்டின் பின்னட்டையில் படித்தபோது, அவருடைய பெருமைக்காக வெளியிட்டிருப்பார்கள் என்றே எண்ணினேன். கான்செர்டோவின் ஓபஸ் எண், அதாவது பிராம்ஸின் படைப்பு வரிசையில் அதன் எண், 83. வாசித்தவரின் வயதும் 83.

தொடக்கத்தில் ஹார்ன் என்னும் பித்தளை ஊதுகருவி ஒன்று தனியாக அழைக்கிறது. பியானோ அடிச்சுரங்களிலிருந்து மேலேறி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பலர் இந்தப் பதிலைக் கனவில் பேசுவதுபோல் இழைத்து வாசிப்பார்கள். பாக்ஹவுஸோ, கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவில் பதில் சொல்லும் வீட்டுப் பெரியவரைப் போல, ஒவ்வொரு சுரத்தையும் அதனதன் இடத்தில் அமர்த்திவிட்டு அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கிறார். நான் பயந்து விட்டுவிட்ட இரண்டாம் பகுதியில் அவர் காலப்பிரமாணத்தைத் துரத்தவில்லை. இடக்கை கீழே கனமாக ஊன்றி நிற்க, மேலே நடப்பதெல்லாம் அதன்மேல் தெளிவாக எழுகிறது.

மூன்றாம் பகுதியில் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். அங்கே எமானுவேல் பிராபெட்ஸின் செல்லோ நெடுநேரம் பாடிய பிறகே பியானோ நுழைகிறது. பின்னர், இன்னும் விளம்பமாகும் ஓரிடத்தில், இரண்டு கிளாரினெட்டுகளும் பியானோவும் ஏறக்குறைய மூச்சின் அளவிலேயே ஒலிக்கின்றன. அவ்விடத்தில் அந்த முதியவர் தம் சுரங்களை எவ்வளவு குறைவான அழுத்தத்தில் தொடுகிறார், அப்படியிருந்தும் ஒன்றுகூட எப்படி மங்காமல் இருக்கிறது என்று அறிய, அன்றிரவு அதை ஐந்து முறை திரும்பக் கேட்டேன்.

*

தொடங்கிவைத்த சகோதரிக்கு நன்றி. என் அனுபவம் நேர்மாறான வரிசையில் அமைந்தது. இதே பாக்ஹவுஸ், இதே போமுடன், 1939இல் டிரெஸ்டனில் சாக்ஸனி அரசுக் குழுவைக் கொண்டு செய்த பதிவே எனக்கு முதலில் கிடைத்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரரின் துள்ளலும் விரல் வேகமும் அதில் இருந்தன. பல ஆண்டுகள் அதற்குமேல் ஒன்றை நான் தேடவில்லை. 1967ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்டபோது, வேகம் தணிந்திருந்ததால் முதல் பத்து நிமிடம் ஏமாற்றமாகவே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பிறகுதான், பழைய பதிவில் ஓடி மறைந்த உள்குரல்கள், அதாவது மேல்சுரத்துக்கும் அடிச்சுரத்துக்கும் நடுவே ஓடும் இழைகள், இதில் ஒவ்வொன்றாகக் காதில் விழத் தொடங்கின. இன்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் முதியவரின் பதிவைத்தான் வைத்துக்கொள்வேன்.

1895இல் லைப்சிகில் பிராம்ஸே குழுவை நடத்த, பியானோ கலைஞர் ஆய்கன் தால்பெர்ட் அவருடைய இரண்டு பியானோ கான்செர்டோக்களையும் வாசித்தார். அதைக் கேட்டிருந்தவர்களுள் பத்து வயதுச் சிறுவன் பாக்ஹவுஸும் ஒருவன். பின்னாளில் அவன் தால்பெர்ட்டிடமே பாடம் கேட்டான். எழுபத்திரண்டு ஆண்டுகள் ஒருவரின் காதில் குடியிருந்த இசை இது என்று நினைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

மனத்தை உறுத்தும் ஒன்றையும் எழுதியாக வேண்டும். நாஜிகள் இசைக்குழு நடத்துநர் ஃபிரிட்ஸ் புஷ்ஷை விரட்டிய பிறகு, டிரெஸ்டன் ஆப்பராவில் அவர் இருந்த பதவிக்கு வந்தவர் போம். பாக்ஹவுஸும் அந்த ஆட்சிக்கு நெருக்கமாகவே இருந்தார். 1939ஆம் ஆண்டுப் பதிவைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஆண்டும் அந்த ஊரும் என் நினைவில் வந்து நிற்கின்றன. வாசிப்பின் அழகு அதை அழித்துவிடுவதில்லை.

*

நான் வியன்னாவில் வசிப்பதால், பதிவு நடந்த இடத்தைப் பற்றிச் சொல்ல முடியும். மார்க்ஸர் தெருவிலுள்ள சோஃபியென்சால் தொடக்கத்தில் ஒரு நீராவிக் குளியல் கூடமாக இருந்தது. பிறகு நீச்சல் குளமானது. குளிர்காலத்தில் குளத்தின்மேல் தளம் போட்டு நடனம் ஆடினார்கள். தளத்துக்கு அடியில் இருந்த அந்த வெற்றிடமும் வளைந்த கூரையும் ஒலிக்கு அருமையான கார்வை தந்ததால், டெக்கா இசைத்தட்டு நிறுவனத்தார் 1950களிலிருந்து அங்கே பதிவுசெய்து வந்தார்கள். 2001 ஆகஸ்டில் கூடம் எரிந்துபோனது. புதுப்பித்து 2013இல் திறந்தார்கள். உள்ளே நின்று பார்த்த அன்று மாலை வீடு திரும்பி இந்தப் பதிவைப் போட்டேன். முதல் ஹார்ன் ஓய்ந்து பியானோ எழுவதற்குள் வரும் அந்தச் சிறு இடைவெளியில், காற்றின் அளவை வைத்தே கூடத்தின் அகலத்தை உணர முடிந்தது. தீக்கு முந்தைய சோஃபியென்சாலை இனி அந்த இடைவெளியில்தான் கேட்க முடியும்.

*

இருவருக்கும் மிக்க நன்றி. 1939ஆம் ஆண்டுப் பதிவைப் பற்றி எழுதிய ஐயா, 1952இல் கார்ல் ஷூரிஷ்ட் நடத்த, இதே வியன்னா குழுவுடன் பாக்ஹவுஸ் செய்த பதிவு தங்களிடம் இருக்குமானால், அந்தக் கிளாரினெட் பகுதியில் அவர் கை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். என் மூத்த மாணவிக்கு அந்தப் பக்கத்தை மட்டும் சென்ற வாரம் கொடுத்திருக்கிறேன். நானும் என் பங்குக்குத் தினமும் காலையில் அரை மணி நேரம் அதில் உட்காருகிறேன்.