ஹிட்ச்காக் டாக்குமெண்டரியில பேச ஒரு பெண் இயக்குநர் கூடவா கிடைக்கல?

ரீல்பெட்டி:
கென்ட் ஜோன்ஸ் எடுத்த "ஹிட்ச்காக்/ட்ரூஃபோ" (2015) இப்பதான் பார்த்து முடிச்சேன். 1962ல பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ யுனிவர்சல் ஸ்டூடியோவுக்கே போய் நாள்கணக்கா உக்காந்து த்ரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக்க பேட்டி எடுத்து அத புத்தகமாவும் போட்டாரு இல்ல, அந்த பேட்டியோட ஒரிஜினல் டேப்ப கேக்குறதுக்காகவே பார்க்கலாம். ஆனா பேச வந்த இயக்குநர்கள பாருங்க, ஸ்கார்செஸி, ஃபின்ச்சர், லிங்க்லேட்டர், வெஸ் ஆண்டர்சன், ஷ்ரேடர்னு பத்து பேர், பத்து பேரும் ஆம்பளைங்க. ஜப்பான்காரர் கியோஷி குரோசாவா ஒருத்தர விட்டா மத்தவங்க எல்லாம் அமெரிக்கா, பிரான்ஸ்தான், கறுப்பின இயக்குநர் ஒருத்தரும் கிடையாது. எனக்கு மனசு ஆறாதது ஹிட்ச்காக்கோட வெர்டிகோ படத்த பத்தி பேசுற பகுதிதான். ஒருத்தன் ஒரு பொண்ணோட டிரஸ், முடி, நடை எல்லாத்தையும் மாத்தி, செத்துட்டான்னு அவன் நம்புற இன்னொருத்தியா ஆக்கப் பாக்குறான், அந்த ஆம்பளையோட வெறிய பத்தி அவ்ளோ நேரம் பேசுறாங்க, மாத்தப்படுற பொண்ணு பக்கம் இருந்து அந்த சீன பாக்க யாருமே இல்ல. வேணும்னே விட்டாங்களா?

தெற்குத்தெரு:
வேணும்னு பண்ணிருக்க மாட்டாங்க ப்ரோ. அது அந்த பேட்டி புத்தகத்த படிச்சு வளர்ந்த இயக்குநர்கள் பத்தின படம், 80 நிமிஷம்தான், எல்லாரையும் கொண்டு வர முடியாது. கோட்டாவுக்காக ஆள் சேர்த்தா படம் கெட்டுடும்.

மல்லிகா_கே:
கோட்டா யாரு கேட்டா? ஜேன் கேம்பியன், கேத்ரின் பிக்லோ, கிளேர் டெனி எல்லாம் அப்ப படம் எடுத்துட்டுதானே இருந்தாங்க, த்ரில்லர் பத்தி அவங்களுக்கு சொல்ல ஒண்ணுமே இருக்காதா? கிம் நோவாக் கூட உயிரோட இருக்காங்க, வெர்டிகோவுல அந்த பொண்ணா நடிச்சவங்களே அவங்கதான். இன்னொண்ணு, அந்த பேட்டி ரூம்லயே ஒரு பொண்ணு இருந்தாங்க. ட்ரூஃபோவுக்கு இங்கிலீஷ் சரியா வராது, ஹெலன் ஸ்காட்தான் ரெண்டு பேருக்கும் நடுவுல மொழிபெயர்த்தாங்க, டேப்ல அவங்க குரல் கேட்டுட்டே இருக்கும். ஹிட்ச்காக் மனைவி ஆல்மா ரெவில் எடிட்டர், ஸ்கிரிப்ட்லயும் வேலை பார்த்தவங்க. 1979ல ஹிட்ச்காக் ஏஎஃப்ஐ (அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்) விருது வாங்கும்போது நாலு பேருக்கு நன்றின்னு சொல்லிட்டு, எடிட்டர், கதாசிரியர், என் பொண்ணோட அம்மா, வீட்ல பிரமாதமா சமைக்கிறவங்க, நாலு பேரும் ஆல்மாதான்னு அவரே மேடையில சொன்னாரு. ஹிட்ச்காக்கோட ரெபெக்கா படத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதி ஆஸ்கர் நாமினேஷன் வாங்கின ஜோன் ஹாரிசன் வேற இருக்காங்க. இவ்ளோ பெண்கள் சேர்ந்து உண்டாக்கின சினிமாவ பத்தி ஆம்பளைங்க மட்டும் உக்காந்து பேசுனா பாதிதான் புரியும், என் கோவமே அதுதான்.

தெற்குத்தெரு:
நோவாக் பாயிண்ட் சரிதான், அவங்கள கூப்பிட்டிருக்கலாம். ஆனா ஃபின்ச்சர் பேசுறது எனக்கு இன்னும் புடிக்கும், அத விட்டுக்குடுக்க மாட்டேன்.

பழையதியேட்டர்:
ரெண்டு வருஷம் கழிச்சு வந்த "78/52" பாருங்க, ஹிட்ச்காக்கோட சைக்கோ படத்துல வர்ற ஷவர் கொலை சீன் ஒண்ண மட்டும் வெச்சு எடுத்த டாக்குமெண்டரி. அதுலயும் ஆம்பளைங்கதான் அதிகம், இருந்தாலும் இயக்குநர் கேரின் குசாமா பேசுறாங்க, அந்த சீன்ல நடிச்ச ஜேனட் லீக்கு பாடி டபுளா (சில ஷாட்ல அவங்களுக்கு பதிலா) நின்ன மார்லி ரென்ஃப்ரோவே வந்து ஷூட்டிங்ல என்ன நடந்துச்சுன்னு சொல்றாங்க. கேமரா முன்னாடி நின்னவங்க வாயால கேட்டப்புறம் அந்த சீன பழைய மாதிரி வெறும் எடிட்டிங் வித்தையா என்னால பாக்க முடியல. ரீல்பெட்டி, நீங்க கேக்குற மாதிரி வெர்டிகோவுக்கு ஒண்ணு யாராச்சும் எடுக்கணும்.