‘மொத்தம்’ வரிசைக்கு மட்டும் கோடு வேண்டாம்: டேபிள் செல்லில் செய்து பார்த்தவை

குன்னூரிலிருந்து:
ஐபோன் செயலியில், யூஐடேபிள்வியூவில் (வரிசைகளாகக் காட்டும் பட்டியல்; ஒவ்வொரு வரிசையும் ஒரு ‘செல்’) பசுந்தேயிலை எடைப் பட்டியல். தினசரி கிலோ வரிசைகளுக்கு நடுவே கோடு வேண்டும், கடைசி ‘மொத்தம்’ வரிசையை ஒட்டி மேலும் கீழும் கூடாது. செபரேட்டர்ஸ்டைலை (பட்டியல் முழுவதற்குமான கோட்டு அமைப்பு) ‘நன்’, அதாவது ஏதுமில்லை, ஆக்கினால் எல்லாக் கோடும் போய்விடுகிறது. பட்டியலுக்குக் கீழே வரும் காலி வரிசைக் கோடுகளை மறைக்க, டேபிள்ஃபுட்டர்வியூவில் (பட்டியலின் அடிப்பகுதி) ஒரு வெற்று யூஐவியூ வைத்தாலே போதும். ஒற்றை வரிசைக்கு என்ன வழி?

கோத்தகிரியிலிருந்து:
முதலில் ஒன்று: கோடு செல்லின் அடியில்தான் வரும். ஆகவே ‘மொத்தத்துக்கு’ மேலே தெரிவது அதற்கு முந்தைய வரிசையின் கோடு. இரண்டு செல்லிலும் மறைக்க வேண்டும்.

பலரும் செபரேட்டர்இன்செட்டின் (கோட்டை ஓரத்திலிருந்து உள்தள்ளும் அளவு) இடது மதிப்பாக செல்லின் அகலத்தைக் கொடுக்கிறார்கள். அங்கேதான் சிக்கல். செல்ஃபார்ரோ (ஒவ்வொரு வரிசைக்கும் செல்லைத் தரும் செயற்கூறு) ஓடும்போது அகலம் இறுதியாகியிருக்காது. போனைக் கிடையாகத் திருப்பினால் கோடு எட்டிப்பார்க்கும். போதாததற்கு, செல்லின் இயல்பான டெக்ஸ்ட்லேபிள் (எழுத்துப் பகுதி) இடது இன்செட்டைப் பின்தொடர்வதால் எழுத்தும் திரையை விட்டு ஓடிவிடும். இடதை இருந்தபடி விட்டு, வலதுக்கு கிரேட்டஸ்ட்ஃபைனைட்மேக்னிட்யூட் (இருக்கக்கூடிய மிகப் பெரிய எண்) கொடுங்கள். எழுத்து நகராது.

மறக்கவே கூடாதது: செல்கள் மறுபயன்பாட்டுக்கு வருபவை, ஒரு வரிசையின் செல்லே பின்னர் வேறு வரிசைக்கும் வரும். ‘இஃப்’ மட்டும் எழுதி ‘எல்ஸ்’ எழுதாவிட்டால், மேலும் கீழும் தள்ளியபின் செவ்வாய்க்கிழமை எடைக்கும் கோடு காணாமல் போகும். ‘இஃப்’, ‘எல்ஸ்’ இரண்டிலும் மதிப்பு போடுங்கள்.

ஊட்டியிலிருந்து:
எங்கள் காய்கறி விலைப் பட்டியலில் கேரட், பீட்ரூட், உருளை என்று தலைப்புகள் அதிகம். இப்படிக் கோடு வேண்டாத வரிசைகள் நிறைய என்றால் ஸ்டைலை ‘நன்’ ஆக்கிவிட்டு, நாமே கோடு வரைவதுதான் நிம்மதி. உயரம் 1 வகுத்தல் திரையின் ஸ்கேல் (ஒரு புள்ளிக்கு எத்தனை பிக்சல்): 2 மடங்குத் திரையில் 0.5, 3 மடங்கில் 0.33 புள்ளி. கன்டென்ட்வியூவில் (செல்லின் உள்ளடக்கப் பகுதி) ஒட்டாதீர்கள், வலது அம்புக்குறி இருந்தால் கோடு அதற்கு முன்பே நின்றுவிடும், செல்லிலேயே ஒட்டுங்கள். செல்லின் உட்பகுதிகளைத் துழாவி ஆப்பிளின் சொந்த செபரேட்டர் வியூவை மறைக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம், அது எப்போது மாறும் என்று யாருக்கும் தெரியாது.

குன்னூரிலிருந்து:
நன்றி அண்ணா. ஆப்பிளின் புதிய திரை அமைப்புக் கருவியான ஸ்விஃப்ட்யூஐயில்?

கோத்தகிரியிலிருந்து:
ஐஓஎஸ் 15 முதல் லிஸ்ட்ரோசெபரேட்டர் (வரிசைக் கோட்டுக்கான அமைப்பு), மதிப்பு ‘ஹிடன்’. லிஸ்டுக்குப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் வரிசைக்குப் போடுங்கள்.

கூடலூரிலிருந்து:
ஆண்ட்ராய்டு ஆட்களுக்கு: லிஸ்ட்வியூவில் (அங்குள்ள பட்டியல்) கோட்டை அமைக்கும் செட்டிவைடர் கூப்பிட்டால், முன்பு வைத்த டிவைடர்ஹைட் (கோட்டின் உயரம்) அழிந்துவிடும். உயரத்தை அதற்குப் பிறகு வையுங்கள்.